அண்ணி ஏற்றிய எண்கள்

அண்ணியின் கைபேசியை நான் முதன்முதலாக எட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு பட்டியல் இருந்தது. வாள் 6, வில் 9, மூலிகை 28, ஓட்டம் 33, மலையேற்றம் 41. ஆங்கிலத்தில்தான் இருந்தது. அண்ணி எழுத்துக்கூட்டிப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தனக்கு வாய்க்கு வந்த தமிழ்ப் பெயரை வைத்திருந்தார். அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. திருமணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதமே ஆன அண்ணி, அடுப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பனி மூடிய செங்குத்துப் பாறை ஒன்றில் கவசம்கூட இல்லாத ஒரு வீராங்கனையை ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி உயரத்தில் கை நழுவி அவள் விழுந்தாள். அண்ணியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மூலிகைச் சாற்றைக் குடிக்க வைத்து, அடிவாரத்திலிருந்து மறுபடியும் ஏற்றினார். அவள் உச்சியைத் தொட்டதும் திரையின் ஓரத்தில் 42 என்று வந்தது. அப்புறம்தான் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, கிழங்கில் குச்சி விட்டுப் பதம் பார்த்தார்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கொல்லிமலையில் எங்கள் வீடு சோளக்காட்டைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில். தினமும் பஸ்ஸில் மலை இறங்கிப் படித்துவிட்டு மலை ஏறி வருவேன். ரோல்பிளேயிங் கேம் என்றால் என்னவென்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அந்த வகை விளையாட்டில் நமக்கென்று ஒரு பாத்திரம் இருக்கும். தொடக்கத்தில் அது ஒன்றுக்கும் ஆகாது. நடக்க நடக்க, சண்டை போடப் போட, அதற்குத் திறன்கள் வளரும். எப்படி வளர வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு விதி உண்டு. என்னைப் போன்றவர்களுக்குக் கதையைவிட, சண்டையைவிட, அந்த விதிதான் ருசி. இன்று கோவையில் ஒரு சிறிய விளையாட்டு நிறுவனத்தில் அந்த விதிகளை எழுதுவதுதான் என் வேலை. வேலைக்கு எடுத்தபோது, உனக்கு மிகப் பிடித்த திறன் வளர்ச்சி முறை எது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பிடிக்கும்படி ஒரு பதிலைச் சொன்னேன். உண்மையான பதிலைச் சொல்ல அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த அறையில் நேரமில்லை.

அண்ணி காரவள்ளிக்காரர். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தும் கல்யாணத்துக்கு முன்பு மூன்று தடவைதான் மேலே வந்திருந்தாராம். அந்த விளையாட்டு அவருடைய தம்பியின் பழைய கைபேசியில் முன்பே இருந்தது. கல்யாணச் சீரோடு அதுவும் மேலே வந்துவிட்டது. இணையம் வேண்டாத விளையாட்டு; எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காததால் அது ஒன்றுதான் அந்தக் கைபேசியில் ஓடியது. அதன் விதி எளிமையானது. எதைச் செய்கிறாயோ அது வளரும். ஓடினால் ஓட்டம் ஏறும். அடி வாங்கினால் தோல் கெட்டிப்படும். செடி பறித்தால் மூலிகை அறிவு. செய்யாமல் விட்ட எதுவும் ஒரு புள்ளிகூட ஏறாது.

நான் விளையாடியது நேர் எதிர். எதிரிகளைக் கொன்றால் அனுபவம் சேரும். சேர்ந்தால் லெவல் ஏறும். லெவலுக்கு ஒரு பாயிண்ட். அதை எடுத்துப் போய்த் திறன் மரம் என்ற ஒன்றில் விரும்பிய கிளையில் வைக்கலாம். ஒரு கிளையில் போனால் எதிர்க்கிளை அடைத்துக்கொள்ளும். நான் முதல் லெவலிலேயே உட்கார்ந்து நாற்பதாவது லெவல் வரை நோட்டில் கணக்குப் போட்டுவிடுவேன். என் பாத்திரம் இடியை வரவழைக்கும் மந்திரக்காரி. அந்த மந்திரம் மரத்தின் உச்சியில் இருந்தது. அதுவரை முப்பத்தொன்பது லெவலும் ஓநாய்க்குப் பயந்து ஓடித் திரிய வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் முன்பே தெரிந்திருப்பது, எதுவும் வீணாகாதது, சரியான வரிசையில் தகுதி பெற்று ஒரு நாள் வானத்தைக் கிழிப்பது. பரீட்சைகளைப் போலவே அது எனக்கு நியாயமாகப் பட்டது.

அண்ணிக்கு அந்த மரத்தைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எலிய அடிச்சுட்டு வந்து, அந்தப் பாயிண்ட்ட பூட்டுத் திறக்கறதுல வெக்கலாமா?"

"வெக்கலாம் அண்ணி."

"அதெப்படி கண்ணு? எலிய அடிச்சவளுக்குப் பூட்டு எப்படித் திறக்க வரும்?"

இன்றும் எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் இதற்குப் பதில் இல்லை. அதற்குப் பதிலாக அவருடைய விளையாட்டில் இருந்த ஓட்டையைச் சொன்னேன். நின்ற இடத்தில் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தால் ஓட்டம் நூறு வரை ஏறிவிடும், கைபேசி பொத்தானில் ஒரு கல்லை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் வரலாம், அது மட்டும் நியாயமா என்று கேட்டேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அப்படி ஒரு எண்ணைக்கூட அவர் ஏற்றியதில்லை. வேலையில்லாமல் ஏறின நம்பர் வேலை வரும்போது கூட வராது என்றார். விளையாட்டின் கணக்குப்படி அது தப்பு. கல்லை வைத்து ஏற்றிய நூறும் நூறுதான். ஆனாலும் தன் விதியை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய வீராங்கனை கதையில் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போகாமல், வடக்கே யாரும் போகாத பாறைகளாகப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. சோளக்காட்டுச் சந்தையிலிருந்து பலாவும் வாழையும் மிளகும் ஏற்றிச் சேந்தமங்கலத்துக்கு இறக்குவான். அண்ணி வந்த இரண்டாம் மாதமே வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணன் சிரித்தான், பிறகு மனம் நல்லபடி இருந்த ஒரு நாளில் வீட்டிலிருந்து சந்தை வரை இருக்கும் சமதளத்தில் ஸ்டியரிங்கைக் கொடுத்தான். அவர் ஆர்வம் குறையவில்லை என்று தெரிந்ததும் எல்.எல்.ஆர். கூட வாங்கிக் கொடுத்தான். அதற்கு மேல் நகரவில்லை. லைசென்ஸுக்குக் கூட்டிப் போ என்றால் அடுத்த வாரம் என்பான். ஒரு மாலை அது சண்டையாயிற்று. காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றிலாவது ஓட்டிப் பார்க்கிறேன், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள் என்று அண்ணி கேட்டார். சந்தை ரோட்டில் ஓட்டுவது வேறு, அந்த ரோடு உனக்கு வேண்டாம் என்றான் அண்ணன். அண்ணி விடவில்லை. ஓட்டாமல் எப்படி வரும் என்று கேட்டார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டியதில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "உங்க லெவலுக்கு அந்த ரோடு அதிகம் அண்ணி" என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அண்ணன் பெரிதாகச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, உலர்த்தப் போட்டிருந்த துணிகளை எடுக்கப் போனார். அதன் பிறகு வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை. சாவி ஆணியில் தொங்கும், தொடமாட்டார்.

அது நடந்து ஆறு வாரம் இருக்கும். மிளகு பறிப்புக் காலம். எங்கள் தோட்டத்தில் மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியிருக்கிறோம். அண்ணன் மூங்கில் ஏணியைச் சாய்த்து மேலே பறித்துக்கொண்டிருந்தான். எனக்குப் படிப்பு விடுமுறை. நானும் அண்ணியும் கீழே கொத்துகளை உதிர்த்துக்கொண்டிருந்தோம். முற்பகல் பதினொரு மணி இருக்கும். அவன் நகர்த்திய கிளைக்குப் பின்னால் கதண்டுக் கூடு இருந்தது. கதண்டு என்றால் குளவியில் பெரியது. ஒன்று கொட்டினாலே காய்ச்சல் வரும். மேலிருந்து ஒரு சத்தம், ஏணி ஆடியது, அண்ணன் பாதி இறங்கி பாதி விழுந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. அண்ணி தலையிலிருந்த கோணிப்பையை உருவி அவன்மேல் போட்டு, அவனை இழுத்துக்கொண்டே ஓடினார். அவருக்கும் இரண்டு கொட்டு விழுந்தது. அண்ணனின் கழுத்திலும் முகத்திலும் தலையிலும் எண்ண முடியாத அளவு இருந்தன.

அவன் முதலில் பேசினான். எரியுது, தண்ணி குடு என்றான். ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது. பேச்சு குழறியது. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு அவனைத் தாங்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த நர்ஸம்மா தன்னிடம் இருந்த ஊசியைப் போட்டார். அவன் மூச்சில் விசில் போல ஒரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது. தொண்டை உள்ளே வீங்குகிறது, இந்த ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கும், ஆக்சிஜன் வேண்டும் என்றார். நிலையத்துத் தரைவழிப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் அடிவாரத்துக்கும் அப்பால் இருந்தது. மேலே ஏறி வர ஒரு மணி நேரமாவது ஆகும், எதிரே இறங்கி வந்தால் பாதி வழியில் பார்க்கலாம் என்றார்கள். நர்ஸம்மாவால் எங்களோடு வர முடியாது; உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. அன்று கீழே சந்தை நாள். வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் சரக்கோடு இறங்கியிருந்தார்கள். இரண்டு வீடுகளுக்கு ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். யாரும் இல்லை.

காத்திருக்கலாம் அண்ணி என்று நான்தான் சொன்னேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நர்ஸம்மாவைக் கேட்டார்:

"காத்திருந்தா என்னங்க ஆகும்?"

நர்ஸம்மா அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி வீட்டுக்கு ஓடினார். வண்டியை அவரே கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

அண்ணனை நடுவில் உட்காரவைத்து, தலை முன்னால் கவிழாமல் என் தோளில் சாய்த்துத் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால்தான் மூச்சு வழி அடையாமல் இருக்கும் என்று நர்ஸம்மா காட்டிக் கொடுத்திருந்தார். சோளக்காடு தாண்டியதும் சமதளம் முடிந்தது. வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் போட்டிருப்பார்கள். மேலிருந்து இறங்குகிறவர்களுக்கு எழுபதில் தொடங்கும். எண் ஏறுவதையே பார்த்துப் பழகிய நான், ஒவ்வொரு பலகையிலும் ஒன்று குறைவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் வளைவை அண்ணி வேகமாக எடுத்துவிட்டார். வண்டி அகன்று எதிர்ப்பக்கத்து ஓரம் வரை போய்த் திரும்பியது. தடுப்புச் சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. அறுபத்தொன்பதில் நிற்கும் அளவுக்கு மெதுவானார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்க வேண்டும், அது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"நீ தெனம் போற ரோடு. அடுத்தது எப்படி இருக்கும், சொல்லு."

எனக்குத் தெரியும். இரண்டு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து போன ரோடு. அறுபத்தெட்டு இடது, குறுகல். அறுபத்தேழு வலது, அதற்குப் பிறகு கொஞ்சம் நீளமான நேர் ரோடு. அறுபத்து மூன்றில் தண்ணீர் ஒழுகி எப்போதும் ஈரமாக இருக்கும். நான் சொல்லச் சொல்ல அவர் கியரைக் குறைத்தார், ஹாரன் அடித்தார், திருப்பினார். அண்ணனின் விசில் சத்தம் என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐம்பத்தொன்றாவது வளைவின் நடுவில் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பெரிய வண்டிக்கு அந்த வளைவு முழுவதும் வேண்டும். பஸ் டிரைவர் பின்னால் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். மேட்டில் பின்னால் எடுப்பது அண்ணி ஒருமுறைகூடச் செய்யாத வேலை. ரிவர்ஸ் போட்டார். இன்ஜின் உதறி நின்றது. வண்டி பஸ்ஸை நோக்கி ஒரு முழம் உருண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மறுபடி முயன்றார், மறுபடி நின்றது. பஸ்ஸிலிருந்து யாரோ திட்டினார்கள். அண்ணியின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. கண்டக்டர் கோபமாக இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தவர், அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் திரும்பி ஓடினார். அந்தப் பஸ் முழுப் பயணிகளோடு பின்னாலேயே இறங்கி, கீழே ரோடு அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றது. நாங்கள் அதைக் கடந்தபோது எங்கள் இடதுபக்கக் கண்ணாடி சுவரில் உரசி உடைந்தது. பஸ் டிரைவர் தன் ஜன்னலிலிருந்து குனிந்து சொன்னார்:

"ரெண்டாவது கியர்லயே போ தாயி. பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்காத. மிதிச்சு விடு, மிதிச்சு விடு."

அதன் பிறகு வண்டி ஓரளவு சொன்னபடி கேட்டது. நாற்பதுகளில் அண்ணியின் கைகள் ஸ்டியரிங்கில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போவதைக் கவனித்தேன். முப்பத்தெட்டில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பிரேக் சூடாகிவிட்டது. நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். நிறுத்த முடியாது என்பதும் தெரியும். முதல் கியருக்கு இறக்கினார். இன்ஜின் கதறியது.

அந்தக் கதறலில், விசில் சத்தம் நின்றுவிட்டிருந்தது எனக்கு உடனே தெரியவில்லை. நன்றாகிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அண்ணனின் உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு மெல்ல அசைந்தது, காற்று போகும் சத்தம் இல்லை. அண்ணா, அண்ணா என்று கன்னத்தில் தட்டினேன். எனக்கு வளைவும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. அழ ஆரம்பித்திருந்தேன்.

"நம்பர் சொல்லு கண்ணு," என்றார் அண்ணி.

"அண்ணி, அண்ணன்..."

"எனக்கு அங்க பாக்க முடியாது. நீ அவரையும் பாத்துக்க, நம்பரும் சொல்லு."

குரல் உயரவில்லை. சோறு ஆறிப்போகும், சாப்பிட வா என்று கூப்பிடும் குரல்தான். சொன்னேன். முப்பத்தொன்று வலது. முப்பது இடது, சுவர் உடைந்திருக்கும். இருபத்தொன்பது. ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி, அழுதுகொண்டே சொன்னேன். இருபத்தைந்தில் கீழ் ரோட்டில் ஆம்புலன்ஸின் விளக்கு சுழல்வது மரங்களுக்கிடையே தெரிந்தது. இருபத்து மூன்றில் எதிரெதிரே நின்றோம்.

அவர்கள் அண்ணனை இறக்கி ரோட்டிலேயே படுக்கவைத்து, தொடையில் ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு இருமல் கேட்டது. பிறகு அந்த விசில் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படி நிம்மதி அடைவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அண்ணனோடு ஒருவர் மட்டும் ஏறலாம் என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். அண்ணி இன்னும் டிரைவர் சீட்டிலேயே இருந்தார். விரல்கள் ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். ஆம்புலன்ஸில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று ரோட்டில் கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

நான் வண்டியோடு தனியே இருந்தேன். அங்கே சிக்னல் இல்லை. சுவர்மேல் உட்கார்ந்து, அண்ணியின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். லெவல் என்று என் வாயால் சொன்ன அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. அன்று அண்ணன் அவரை ஒரு வளைவில் ஓட்டவிட்டிருந்தால், நான் கேலி செய்யாமல் அண்ணி பக்கம் பேசியிருந்தால், ஐம்பத்தொன்றில் வண்டி இரண்டு முறை நின்றிருக்காது. தகுதி வந்த பிறகு செய் என்று சொல்லிச் சொல்லி, தகுதி வரும் வழியை நாங்கள் இருவரும் சேர்ந்து அடைத்து வைத்திருந்தோம். பிற்பகலில் அதே பஸ் இறங்கி வந்தது. நான் கை காட்டாமலே நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி, "கண்ணு முழிச்சுட்டாராம் சாமி, காரவள்ளியிலேருந்து போன்ல சொன்னாங்க" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் அண்ணன் வீடு வந்தான். இன்னொரு முறை கதண்டு கொட்டினால் தாங்காது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். ஊரே வந்து அண்ணியைப் பார்த்தது. நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அடுப்படியில், அண்ணி, இப்போது உங்கள் டிரைவிங் எத்தனை, நாற்பதைத் தாண்டியிருக்குமா என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அப்படிக் கேட்டேன் என்று இப்போது தெரிகிறது.

"ஒண்ணும் ஏறலை கண்ணு," என்றார் அண்ணி. "பயந்தான் ஏறுச்சு."

அது அடக்கத்துக்காகச் சொன்ன பேச்சு என்று நினைத்தேன். இல்லை. இரண்டு மாதம் அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போகும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டார். முன்பெல்லாம் வளைவுகளுக்கு அவர் பயந்ததில்லை; அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. அந்த விளையாட்டையும் அவர் பிறகு தொடவில்லை. அதில் விழுந்தவள் எழுந்து மூலிகை குடித்தால் போதும் என்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு நினைவும் இல்லை. உடைந்த கண்ணாடியை மாற்றினான். தேய்ந்த பிரேக்கை மாற்றினான். ஒரு நாள் காலை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, நாளைக்கு லைசென்ஸுக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்றான். அண்ணி வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். சரிங்க என்றார். டெஸ்ட் முடிந்து வரும்போது அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு இடதுபக்கம் போய் உட்கார்ந்தானாம். எழுபது வளைவும் அண்ணி ஏற்றினார். வீடு வந்ததும் கொல்லையில் போய் வாந்தி எடுத்தார். அடுத்த நாளும் ஓட்டினார்.

போன வருடம் எங்கள் நிறுவனத்தில் புதிய விளையாட்டுக்குத் திறன் விதி எழுதச் சொன்னார்கள். நான் ஒன்று எழுதினேன். செய்தால் வளரும், ஆனால் உயிருக்கு ஆபத்தான ஒன்றைச் செய்து தப்பித்தால் திறனோடு பயமும் ஏறும், ஏறிய பயம் இறங்கவே இறங்காது. பயம் கூடக்கூடத் திரையில் பாத்திரத்தின் கை நடுங்கும். அந்த நடுங்கும் கையோடுதான் மிச்சக் கதை முழுவதையும் ஆட வேண்டும். எங்கள் குழுத் தலைவர் பத்து நிமிடம் ஆடிப் பார்த்தார். நல்லவர். ஜெயித்த மாதிரியே இல்லையே இது என்றார். ஆமாம் என்றேன். ஆடுகிறவர்கள் தாங்கள் வளர்வதை உணர வேண்டும் என்றார். அதுவும் சரிதான். கோப்பை மூடிவிட்டு, நாற்பது லெவலுக்கு ஒரு மரம் வரைந்து கொடுத்தேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் சரக்கோடு இறங்குவது அண்ணிதான். அண்ணன் சந்தையில் கொள்முதலைப் பார்த்துக்கொள்கிறான். சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்த நான், திரும்பும்போது அண்ணியோடு வண்டியில் இறங்கினேன். பின்னால் பலாப்பழம். பேசிக்கொண்டே வந்தவர் முதல் வளைவுக்குச் சற்று முன்பு ஓரம் கட்டி நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். அண்ணி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் கை உயர்த்திவிட்டுப் போனார். இது அவர்களுக்கெல்லாம் பழக்கம் போலிருந்தது.

"இன்னுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும்," என்றார்.

பிறகு அண்ணி உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார், கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், இரண்டாவது கியரைப் போட்டு வண்டியை இறக்கினார்.